கரையாத ரத்தக் கட்டி: நுரையீரல் தமனியில் ஒரு நிகழ்வு ஆய்வு

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை, சிங்கப்பூரின் ஈசூனில் நடைமேம்பாலத்தின் படிகளில் பாதி ஏறியதும் ஓர் அக்கா மூச்சு முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயது 51. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் உதவியாளர். புகைப் பழக்கம் கிடையாது, சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த ஒரு மாத்திரை. பின்னால் வந்தவர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழைத்தார், அரை மணி நேரத்தில் அக்கா ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தார். நான் அவரைப் பார்த்தது அன்றைக்கு இல்லை, மூன்றரை மாதம் கழித்து, அவர் இரண்டாவது முறை சேர்க்கப்பட்டபோது. நான் நுரையீரல் மருத்துவன். அவரும் அவருடைய மகளும் சம்மதித்ததால் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க வயது, இடம் போன்ற சிலவற்றை மாற்றியிருக்கிறேன், நோய் போன போக்கை மாற்றவில்லை.

முதல் நாள் கணக்கு இது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, ஆக்சிஜன் 92 சதவீதம், ரத்த அழுத்தம் 116/74. ஈசிஜியில் இதயத்தின் வலப்பக்கம் திணறுவது தெரிந்தது. சிடி ஸ்கேனில் நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில், தண்டுப் பகுதியில் தொடங்கி வலது கிளைக்குள் நீண்டு, சாயமருந்து புக முடியாத ஒரு பெரிய அடைப்பு. எக்கோவில், அதாவது இதய அல்ட்ராசவுண்டில், வலது கீழறை பெருத்திருந்தது, தமனியின் அழுத்தம் 60-ஐத் தாண்டியிருந்தது; சாதாரணமாக இது 35-க்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் வாயில் வருவது நுரையீரல் ரத்தக் கட்டி என்பதுதான். அதோடு அக்கா ஒரு வார்த்தை சொன்னார்: "தங்கச்சி மக கல்யாணத்துக்குத் திருச்சி போயிட்டு வந்து பத்து நாள்தான் ஆச்சு."

அந்த ஒரு வார்த்தையோடு கேள்வி கேட்பது நின்றுவிட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வர வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வந்த உண்மைதான். ஆனால் அதே ஆய்வு, ஆரோக்கியமானவர்களில் அப்படிப் பயணம் செய்யும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அது நடக்கிறது என்றும் சொன்னது. கோப்பில் "அண்மைப் பயணம்" என்று எழுதியாயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்த ஒவ்வொருவரும் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

உண்மையில் அன்றைக்கே நாலைந்து விஷயங்கள் ஒட்டாமல் நின்றன. இரண்டு காலிலும் அல்ட்ராசவுண்ட் செய்தார்கள், எங்கேயும் கட்டி இல்லை. சரி, கட்டி முழுதாகவே பெயர்ந்து மேலே போயிருக்கலாம், அது நடப்பதுதான். உறைந்த ரத்தம் உடைந்து கரையும்போது வெளியாகும் டி-டைமர், தமனியின் தண்டையே அடைக்கிற அளவு கட்டி இருந்தால் தாறுமாறாக ஏறியிருக்க வேண்டும். இவருக்கு 0.61, எல்லை 0.5. ஹீமோகுளோபின் 10.2, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் 90-ஐ நெருங்கியது. நாலு மாதத்தில் உடுப்பு தொளதொளத்துப் போனதை அக்காவே செவிலியரிடம் சொல்லியிருக்கிறார், குறிப்பில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் சொல்ல முடியும், சொன்னார்கள். முதல் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருடத்தில் நாங்கள் பார்க்கும் நுரையீரல் அடைப்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே ரத்தக் கட்டிதான், அதற்கு மருந்தைத் தாமதித்தால் ஆள் போய்விடுவார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தது சரி. ஆறாம் நாள் அதே வேலை செய்யும் ரிவரோக்சபான் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியதும் சரி.

எனக்கு வருத்தம் ஆறாவது வாரத்தைப் பற்றித்தான்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது மூச்சு வாங்குவது கூடியிருந்தது. மறுபடியும் சிடி எடுத்தார்கள், அடைப்பு குறையவில்லை, அறிக்கையில் "பெரிதாக மாற்றமில்லை, சற்றே பெரிதாகியிருக்கலாம்" என்று இருந்தது. இந்த மருந்துகள் கட்டியை நேராகக் கரைப்பதில்லை, புதிதாக உறைவதைத் தடுக்கின்றன, உடம்பு தானே பழையதைக் கரைத்துக்கொள்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆறு வாரத்தில் பெரிய கட்டி கொஞ்சமாவது சுருங்கும், சுருங்காவிட்டாலும் தழும்பாக மாறி ரத்தக் குழாயை இறுக்கும், வளராது. அப்படியிருக்க, வளர்ந்திருக்கலாம் என்று எழுதியிருக்கும் அறிக்கையைப் பார்த்ததும் வந்த கேள்வி "இது ரத்தக் கட்டிதானா?" என்பது இல்லை. "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்பது.

அவர் ஒருவேளை கூடத் தவறவிடவில்லை. மகள் மாத்திரை அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். இருந்தாலும் மருந்து மாறியது, உறைவைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் வந்தது. ரத்தம் உறையும் தன்மையிலேயே ஏதோ கோளாறு என்று ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனைகள் நடந்தன, ஒன்றும் வரவில்லை. மாலையில் லேசாகக் காய்ச்சல், எடை ஆறு கிலோ குறைவு என்றதும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, அதிலும் இல்லை. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், அதிலிருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை அடியோடு விடச் சொல்வதில்லை, ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வோம். ஆனால் இவர்கள் வீட்டில் அது வேறு மாதிரி போய்விட்டது. முருங்கைக்கீரைப் பொரியலால்தான் கட்டி கரையவில்லை என்று யாரோ சொல்ல, மகள் தேக்கா சந்தையில் கீரை வாங்குவதையே நிறுத்தினார், அக்கா தன் வாயால்தான் தனக்கு இந்தக் கேடு என்று நம்பத் தொடங்கினார். வார்ஃபரின் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஐஎன்ஆர், அது 2-க்குக் கீழே போகக் கூடாது. அந்த அட்டையை நான் பார்த்தேன். பத்து வாரத்தில் ஒரே ஒரு முறைதான் 2-க்குக் கீழே போயிருந்தது. அந்த அட்டையை எடுத்துப் பார்த்திருந்தாலே அவர்மேல் பழி போட இடமிருந்திருக்காது. இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், நோயை விட அந்தக் குற்ற உணர்வுதான் அவரை அதிகம் வாட்டியது என்று மகள் பின்னால் சொன்னதுதான்.

மார்ச் கடைசியில் அவர் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது மயங்கி விழுந்தார். இந்த முறை எங்கள் வார்டு. ரத்த அழுத்தம் 96/60. மூன்றாவது சிடி. இரவுப் பணியிலிருந்த குழு கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்று யோசித்தது. அது சும்மா இல்லை, நூறு பேருக்குப் போட்டால் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும். போடுவதற்கு முன் ஒரு முறை கதிரியக்கப் பிரிவை அழைத்தோம். அங்கே இருந்த இளம் மருத்துவர் யாரும் கேட்காமலேயே ஒரு காரியம் செய்தார்: டிசம்பர், ஜனவரி, மார்ச் என்று மூன்று சிடிகளையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதற்கு முன் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய அறிக்கையோடு மட்டுமே ஒப்பிடப்பட்டிருந்தது, படத்தோடு படம் வைத்து யாரும் பார்த்திருக்கவில்லை.

பக்கத்தில் வைத்ததும் மறைக்க ஒன்றுமில்லை. ரத்தக் கட்டி காலிலிருந்து ஓட்டத்தோடு வந்து கிளை பிரியும் இடங்களில் சிக்கும், அதனால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பல துண்டுகளாக இருக்கும், கீழ்ப்பகுதிகளில் அதிகம் இருக்கும். இது ஒரே தொடர்ச்சியான பொருள், தண்டிலும் வலது கிளையிலும் மட்டும். மூன்று மாதத்தில் அது வளர்ந்த திசை இதயத்தை நோக்கி, அதாவது ஓட்டத்துக்கு எதிராக. அதன் முனை வலது கீழறை வாய்ப்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. பழைய ரத்தக் கட்டி குழாயைச் சுருக்கும், இது குழாயை உள்ளிருந்து தள்ளி விரித்திருந்தது. ஓரிடத்தில் தமனியின் சுவர்க்கோடே காணோம், பொருள் சுவரை விழுங்கிவிட்டது. சுவர் மறைவது, முனை இதயத்தை நோக்கிப் புடைப்பது, பெரிய குழாய் ஏறக்குறைய முழுதும் அடைபடுவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தமனிச் சுவரில் பிறந்த சார்கோமா என்ற புற்றை நினை என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். டிசம்பர் படத்திலேயே சுவர் மறைவதின் தொடக்கம் இருந்தது. தெரிந்துகொண்டு பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

ஊசி வேண்டாம் என்று நிறுத்தினோம்.

மறுநாள் காலை நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். "அக்கா, மூச்சு வாங்குறது எப்போ ஆரம்பிச்சது?" திருச்சி போய் வந்த பிறகு என்றார். எல்லாரும் அப்படியே சொல்லிச் சொல்லி அவருக்கும் அது நிஜமாகிவிட்டது. மகள்தான் குறுக்கிட்டார். "இல்லம்மா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. சித்திக்கு வாய்ஸ் அனுப்பினியே." வாட்ஸ்அப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். செப்டம்பர் மாதத் தேதி. கல்யாணத்துக்கு எடுக்கப்போகும் பட்டுச்சேலையைப் பற்றி அக்கா தங்கையிடம் பேசுகிறார், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு இழுக்கிறார். பயணம் நவம்பர் கடைசியில். நான் அதை மூன்று முறை கேட்டேன். எங்கள் கோப்பில் இருந்த எல்லாப் பரிசோதனைகளையும்விட அந்த நாற்பது நொடிக் குரல் தெளிவான ஆவணம்.

எம்ஆர்ஐயில் கடோலினியம் சாயம் ஏற்றியபோது அடைப்பின் உள்ளே திட்டுத் திட்டாகச் சாயம் ஏறியது. உறைந்த ரத்தத்துக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது, சாயம் ஏறினால் அங்கே உயிருள்ள திசு இருக்கிறது என்று பொருள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் திசுவைக் காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிர்ந்தது, வேறெங்கும் பரவல் தெரியவில்லை. பெட் ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரையை அதிகம் இழுக்காத சார்கோமாக்களும் உண்டு, புற்றின் மேல் உண்மையான ரத்த உறைவு படிந்து இரண்டும் கலந்து கிடப்பதும் உண்டு. மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் ஊசி விட்டுத் திசு எடுக்கலாம், குழாய் செலுத்தி உள்ளிருந்தும் கிள்ளி எடுக்கலாம். மயங்கி விழுந்தவருக்கு அதற்கெல்லாம் அவகாசமில்லை, நேராக அறுவை என்று இதய அறுவை மருத்துவர்கள், புற்றுநோய் மருத்துவர்கள், நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம்.

அன்றைக்கு மாலை குடும்பத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் தெரிந்தவன் நான்தான் என்பதால் நான் பேசினேன். "இது ரத்தக் கட்டி இல்லை, கட்டி" என்றேன். அக்காவின் கணவர் என்னையே பார்த்தார். "அதான் டாக்டர், நாலு மாசமா கட்டின்னுதானே சொல்றீங்க." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பேச்சில் உறைந்த ரத்தமும் கட்டிதான், புற்றும் கட்டிதான். இந்த நான்கு மாதமும் அந்தக் குடும்பத்தின் காதில் விழுந்தது ஒரே சொல். அதற்குப் பிறகு நான் ரத்த உறைவு, சதை வளர்ச்சி என்று பிரித்தே சொல்கிறேன். ஒரு தாளில் குழாய் வரைந்து, உள்ளே ஓடும் ரத்தம் கெட்டியாவது ஒன்று, குழாயின் சுவரே முளைத்து உள்ளே வளர்வது இன்னொன்று என்று காட்டினேன். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்போ கீரையால இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அக்கா அழுதார். நல்ல சேதி எதுவும் இல்லாத அந்த அறையில் அது ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அறுவை ஒன்பதாம் நாள். மார்பெலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடம்பை 20 டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, ரத்த ஓட்டத்தையே முழுதாக நிறுத்தி நிறுத்தித்தான் தமனியின் உட்பகுதியை உரிக்க முடியும், ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் 20 நிமிடத்துக்குள். நாள்பட்ட ரத்தக் கட்டியை எடுக்கும் அதே முறைதான். ஆனால் ரத்தக் கட்டி உள்சுவரோடு ஓர் அடுக்காக உரிந்து வரும். இது தண்டின் பின்சுவரில் வேர் பிடித்திருந்தது, அங்கே சுவரின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்து ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. வெளியே வந்தது வெளிர் சாம்பல் நிறத்தில், நுங்கு மாதிரி பளபளப்பாக, சில இடத்தில் குருத்தெலும்பு போல இறுகி இருந்தது. அதைப் பார்த்த யாரும் ரத்தம் என்று சொல்ல மாட்டார்கள். நுண்ணோக்கியில் கதிர் வடிவ செல்கள், இந்தப் புற்றில் வழக்கமாகப் பெருகும் எம்டிஎம்2 மரபணு பல மடங்கு பெருகியிருந்தது. உள்சுவர் சார்கோமா என்று உறுதியானது. வெட்டிய விளிம்பில் நுண்ணளவில் புற்று மிச்சம் இருந்தது.

இந்த நோயை முதலில் விவரித்தவர் மண்டல்ஸ்டாம், 1923-இல், பிணப் பரிசோதனையில். நூறு வருடத்தில் மருத்துவ ஏடுகளில் பதிவானவை சில நூறு நிகழ்வுகள்தான், நடு வயதுக்காரர்களுக்கே அதிகம் வருகிறது. அரிது என்பது உண்மைதான், ஆனால் அந்த அரிதில் ஒரு பங்கு ரத்தக் கட்டி என்ற பெயரிலேயே புதைக்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். நுரையீரல் ரத்த அழுத்த நோய்களின் சர்வதேசப் பட்டியலில் நாள்பட்ட ரத்தக் கட்டி இருக்கும் நான்காம் பிரிவிலேயே, அடுத்த வரியில், தமனிச் சார்கோமாவும் இருக்கிறது. அதே வரிசையில் தமனிச் சுவர் அழற்சியும் வருகிறது. சிறுநீரகப் புற்று பெருஞ்சிரை வழியாக ஏறி நுரையீரலுக்குத் துண்டாகப் போவதும் படத்தில் ரத்தக் கட்டி போலவே தெரியும். தமனிச் சார்கோமாவுக்கு அறுவை செய்யாவிட்டால் பழைய தொகுப்புகளில் சராசரி ஆயுள் ஒன்றரை மாதம். 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளோடு முன்பு பதிவானவர்களையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பில், முழுதாக எடுக்க முயன்றவர்களின் நடுமதிப்பு ஆயுள் 36.5 மாதம், முழுதாக எடுக்க முடியாதவர்களுக்கு 11 மாதம். ஆக, கண்டுபிடிக்கும் தேதிதான் எல்லாம். இவருக்கு நாங்கள் மூன்றரை மாதத்தை இழந்தோம். ஜனவரியில் அந்த முனை தண்டின் பின்சுவரை இந்த அளவு பிடித்திருக்கவில்லை. அப்போது எடுத்திருந்தால் விளிம்பு சுத்தமாக வந்திருக்குமா என்று எங்கள் கூட்டத்தில் அறுவை மருத்துவரிடம் கேட்டேன், "வாய்ப்பு இருந்தது" என்றார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் துறையில் ஒன்றை மாற்றிக்கொண்டோம். நுரையீரல் ரத்தக் கட்டிக்கு மருந்து தொடங்கி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டியிலேயே இருக்கிறது. நாங்கள் அதற்கு முன்பே, அடைப்பு வளர்ந்ததாக ஒரு சந்தேகம் வந்தாலும், பழைய படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மருந்தை மாற்றுவதில்லை. நோயாளி மாத்திரை சாப்பிடவில்லை என்று எழுதுவதற்கு முன் மருந்தகப் பதிவையும் ஐஎன்ஆரையும் பார்க்க வேண்டும். அறிகுறி தொடங்கிய தேதியை நோயாளியிடம் மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். இதில் எதற்கும் காசு செலவில்லை.

அப்புறம் அக்கா. டாக்சோரூபிசின், ஐஃபோஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு சுற்று. சிவப்பு நிற மருந்தான டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, ஏற்கெனவே களைத்த வலது கீழறைக்கு அது ஆகுமா என்று ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் எக்கோ பார்த்தோம், தாங்கியது. செலவு விஷயத்தில் மருத்துவ சமூக ஊழியர் மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கையெல்லாம் மகளோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தார், கணவர் ஈசூன் வீட்டை விற்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தமனியின் அழுத்தம் 38-க்கு இறங்கியது. அறுவைக்கு ஆறு மாதம் கழித்து வார்ஃபரினை நிறுத்தினோம், அந்த வாரமே வீட்டில் முருங்கைக்கீரை சமைத்ததாக மகள் செய்தி அனுப்பினார்.

அறுவைக்குப் பிறகு பதினாலாவது மாதத்தில் இடது நுரையீரலில் இரண்டு புற்று முடிச்சுகள். அக்கா அதற்கு எங்களைவிடத் தயாராக இருந்தார். புற்றுக்கான பசோபனிப் மாத்திரை தொடங்கினோம், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது, வேலைக்குப் போகும் நாளில் அதிகாலை நாலரைக்கு எழுந்து போட்டுக்கொள்கிறார். கீமோ முடிந்து கறுப்பாக முளைத்த முடி இந்த மருந்தில் வெளுத்துவிட்டது, அது இந்த மருந்தின் குணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "பாட்டி" என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார்.

அறுவை முடிந்து இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. போன மாதம் ஆறு நிமிட நடையில் 390 மீட்டர் போனார், எடை 52 கிலோ. பெரிய முடிச்சு 11 மி.மீ., மூன்று ஸ்கேனாக அதே அளவு. அடுத்த சிடி இன்னும் எட்டு வாரத்தில். அதை இந்த முறை முதல் டிசம்பர் படத்திலிருந்து வரிசையாக வைத்துத்தான் பார்ப்போம்.